காலம் கடந்து வந்த புதுமுகங்கள்

பத்தாம் ஆண்டு நிறைவு விழாச் சிறப்புரை



அரசர்களுக்கு அருங்காட்சியகம் உண்டு, போர்களுக்கு உண்டு, புதையுண்ட நகரங்களுக்கும் உண்டு. ஒரு விருதுக்கும் அருங்காட்சியகம் வேண்டுமா என்ற ஐயம் எவர்க்கும் எழக்கூடியதே. எனினும் அப்படி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் 2008 டிசம்பரில் கிராமி அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 2019-இல் இலத்தீன் கிராமி விருதுகள் இருபதாம் முறையாக வழங்கப்பெற்றதையொட்டி, அவ்விருதுகளின் வரலாற்றை விளக்கும் தனிக் கண்காட்சி ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. முதல் விழா நிகழ்ந்த பேரரங்கம் அக்கட்டடத்திற்கு மிக அருகிலேயே உள்ளது.

இத்தகைய கண்காட்சிகளில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத் தக்கவை எவை என்பது எளிதில் ஊகிக்கக்கூடியது. பாடகி மேடையில் அணிந்த உடை, இசைஞர் மீட்டிய கருவி, பாடலின் கையெழுத்துப் படி, விழாவின் ஒளிப்படங்கள், இவற்றின் நடுவே பழைய கிராமபோன் பெட்டியின் வடிவில் வார்த்த பொன்னிறச் சின்னம். பேழைக்குள் வைக்க இயலாதவையும் சில உண்டு. நடைபெறாமற்போன ஒரு விழா. வர அனுமதி பெறாதவரின் வெற்று நாற்காலி. எழுபது ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியேறாத பாடல்கள். இவற்றையும் சேர்த்து எண்ணும்போதே ஒரு விருதின் வரலாறு முழுமை பெறும். அவ்வாறு எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரில்லாத பதினேழு ஆண்டுகள்

இலத்தீன் இசை என்பது பழைய உரோமானியரின் மொழியில் அமைந்த இசை அன்று. ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளைப் பேசும் நாடுகளிலும், அந்நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடையிலும் வளர்ந்த இசைவகைகள் பலவற்றுக்கும் இசைத்தொழில் இட்ட பொதுப்பெயர் அது. கியூபாவின் சோன், மெக்சிக்கோவின் ரஞ்ச்சேரா, அர்ஜென்டினாவின் டாங்கோ, பிரேசிலின் சம்பா, கொலம்பியாவின் கும்பியா ஆகிய அனைத்தும் அச்சிறிய சொல்லுக்குள் அடக்கப்பட்டன. ஐம்பது ஆறுகளுக்கு ஒரே பெயர் சூட்டியது போன்ற செயல் இது.

கிராமி விருதுகள் 1959-இல் தொடங்கின. அப்பொழுதே நியூயார்க்கின் நடன அரங்குகளில் மாம்போ இசை கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. டீட்டோ புவெந்தே என்னும் தாளவேந்தர் புகழின் உச்சியில் இருந்தார். ஆயினும் அவ்விசைக்கென்று விருதில் ஒரு பிரிவு இல்லை. இசைஞர்கள் சிலர் இடைவிடாது வற்புறுத்திய பின்னரே, சிறந்த இலத்தீன் ஒலிப்பதிவு என்ற ஒரே ஒரு பிரிவு உருவாக்கப்பட்டது. 1976-இல் முதன்முதலாக அவ்விருதைப் பெற்றவர் எட்டி பால்மியெரி. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோர்க்கு நியூயார்க்கில் பிறந்த அந்தப் பியானோ கலைஞர் 2025 ஆகஸ்டில், தம் எண்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

தொடக்கத்திற்கும் அந்த முதற்பரிசுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளில் பாடப்பட்டவை பாட்டல்ல என்று எவரும் சொல்லார். கேட்கும் செவி திறந்திருக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். ஒரு விருதின் வரலாற்றைக் கலையின் வரலாறாகப் படிப்பவர் ஏமாற்றமடைவர். ஒரு நிறுவனத்தின் செவி எப்பொழுது, எந்த அளவுக்குத் திறந்தது என்பதன் வரலாறாகப் படிப்பவர்க்கே அது பல உண்மைகளைச் சொல்லும்.

1997-இல் இலத்தீன் ஒலிப்பதிவுக் கழகம் தனியே அமைக்கப்பட்டது. 2000 செப்டம்பர் 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் இலத்தீன் கிராமி விழா நடந்தது. அமெரிக்காவின் பெரிய தேசியத் தொலைக்காட்சி ஒன்று, மாலையின் முதன்மையான நேரத்தில், பெரும்பகுதி ஆங்கிலமல்லாத மொழிகளில் அமைந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பியது அவ்விரவின் புதுமை. வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாக வாழ்ந்த இலட்சக்கணக்கானோர், வீட்டுமொழி வரவேற்பறைத் திரையில் ஒலிக்கக் கேட்டனர். அம்மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

முதல் இரவின் மூவர்

அவ்விரவில் விருது பெற்றோர் பலர். அவர்களுள் மூவரை மட்டும் இங்கே கருதுவது போதும்.

ஒருவர் முன்னர்க் குறித்த டீட்டோ புவெந்தே. விழாவுக்குச் சில மாதங்கள் முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர் பெயருக்கு வழங்கிய பரிசை ஏற்க அவருடைய கைகள் இல்லை.

இரண்டாமவர் சால்சா இசையின் அரசி எனப் போற்றப்பெற்ற செலியா குரூஸ். கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பிறந்த அவர், புரட்சிக்குப் பின் 1960-இல் இசைக்குழுவினருடன் நாட்டை விட்டு வெளியேறினார். 1962-இல் தாய் இறந்தபோது இறுதிக் கடனுக்காகத் தாயகம் திரும்ப அவர்க்கு அனுமதி கிடைக்கவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டுகள் உலகெங்கும் பாடியவர், தாம் பிறந்த நகரில் மட்டும் பாடாமலே 2003-இல் மறைந்தார்.

மூன்றாமவரும் கியூபாவினரே, நாட்டை விட்டு நீங்காதவர். பெயர் இப்ராகிம் ஃபெரர். அவர்க்கு வழங்கப்பெற்றது சிறந்த புதுமுகக் கலைஞருக்கான விருது. 1927 பிப்ரவரியில் பிறந்த அந்தப் புதுமுகத்திற்கு அப்பொழுது வயது எழுபத்து மூன்று.

கேட்பவர்க்கு இது நகைப்பை விளைக்கலாம். அவ்விருதின் விதி வயதைக் கேட்பதில்லை. ஒலிப்பதிவின் வழியே ஒரு கலைஞர் முதன்முறையாகப் பரவலாக அறியப்படும் காலத்தையே கேட்கிறது. அவ்வகையில் தேர்வு முறையானதே. ஃபெரரின் வாழ்க்கையை அறிந்த பின்னர் நகைப்பு நிலைக்காது.

சாந்தியாகோ நகரத்தின் அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் தாயை இழந்து, தெருவில் தின்பண்டம் விற்று வாழ்ந்த சிறுவன் அவர். பின்னர்ப் பல ஆண்டுகள் இசைக்குழுக்களில் பாடினார். பொலேரோ எனப்படும் மெல்லிய காதற்பாடல்களைப் பாடவேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் குரல் அதற்கு ஏற்றதன்று எனக் கருதியோர், விரைந்த தாளப் பாடல்களையே அவர்க்கு அளித்துவந்தனர். 1991-இல் ஓய்வு பெற்றார். ஹவானாவில் காலணிகளுக்கு மெருகிட்டுச் சிறிது வருவாய் தேடினார்.

1996-இல் பழைய கியூப இசைஞர்களை ஒன்றுசேர்த்து ஓர் இசைத்தட்டு உருவாக்கும் முயற்சி ஹவானாவில் நடந்தது. அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடர் அதன் தயாரிப்பாளர். பொலேரோ பாடத் தக்க மென்குரல் ஒன்று தேவைப்பட்டபோது, குவான் தெ மார்க்கோஸ் கொன்சாலெஸ் என்னும் கியூப இசைஞர் ஃபெரரைத் தேடிச் சென்று அழைத்துவந்தார். ஏற்றதன்று என்று ஒதுக்கப்பட்ட அதே பாடல்வகைக்கு அதே குரல் தேவைப்பட்டது. புவெனா விஸ்தா சோஷியல் கிளப் என்ற பெயரில் 1997-இல் வெளியான அத்தொகுப்பு மறு ஆண்டே கிராமி விருது பெற்றது. விம் வெண்டர்ஸ் அதனை 1999-இல் ஆவணப்படமாக்கினார். தனிப்பாடகராக ஃபெரரின் பெயரை உலகறியச் செய்த இசைத்தட்டும் அதே ஆண்டில் வந்தது.

இங்கே கவிஞர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஃபெரரின் குரல் அறுபத்தொன்பதாம் வயதில் தோன்றியதன்று. அது முன்பே இருந்தது. மாறியது, தேடிச் சென்று கதவைத் தட்டிய ஒருவர் வந்தார் என்பது மட்டுமே. விருதுச் சின்னத்தில் ஃபெரரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். தேடிச் சென்றவரின் நடை எதிலும் பொறிக்கப்படுவதில்லை.

நடைபெறாத விழா, வெற்று நாற்காலி

இரண்டாம் ஆண்டு விழா மயாமி நகரில் நடைபெறுவதாக இருந்தது. கியூபாவை விட்டு வெளியேறிய பல்லாயிரவர் வாழும் நகரம் அது. கியூபாவிலிருந்து கலைஞர்கள் வந்து மேடையேறுவதை எதிர்த்து அங்கே போராட்டங்கள் நடக்கும் என்ற நிலையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி விழா லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக்கு மாற்றப்பட்டது. குறிக்கப்பட்ட நாள் 2001 செப்டம்பர் 11. அன்று காலை நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. அரங்கம் அணியமாக இருந்தது, விழா நடைபெறவில்லை. விருது பெற்றோர் பெயர்கள் அக்டோபர் இறுதியில் செய்தியாளர் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டன. ஒத்திகை பார்த்த பாடல்கள் அம்மேடையில் ஒலிக்காமலே போயின.

2003-இல் விழா மயாமிக்கே சென்றது. பரிந்துரைக்கப்பட்டிருந்த கியூபக் கலைஞர்களுக்கு உரிய காலத்தில் விசா கிடைக்கவில்லை. 2004 பிப்ரவரியில் முதன்மைக் கிராமி விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்த இப்ராகிம் ஃபெரருக்கும் அமெரிக்க அரசு விசா மறுத்தது. நாட்டின் நலனுக்குக் கேடு விளைவிக்கக்கூடியோர் வருகையைத் தடுக்கும் சட்டப்பிரிவு அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. எழுபத்தாறு வயது முதியவர், காதற்பாடல் பாடுபவர். அவ்விழாவில் மரபுவழி வெப்பமண்டல இலத்தீன் இசைக்கான விருது அவர்க்கே கிடைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஹவானாவில் அவர் காலமானார்.

செலியா குரூஸ் தாயகத்திற்குள் நுழைய முடியவில்லை. ஃபெரர் தாயகத்திலிருந்து விருது மேடைக்குச் செல்ல முடியவில்லை. ஒரே தீவின் இரு குரல்கள். இரு வேறு அரசுகளின் கதவுகள். எந்த அரசு செய்தது சரி என்று தீர்ப்புக் கூறுவது இவ்வுரையின் வேலையன்று. இரு கதவுகளுக்கும் வெளியே நின்றது பாட்டே என்பதை மட்டும் மறத்தலாகாது.

பிரிவுகளின் போராட்டம்

விருதுகளை வழங்குவோர் இசையைப் பிரிவுகளாகப் பகுக்கின்றனர். பிரிவு இல்லாத இசை போட்டியிலேயே இல்லை. ஆகவே பிரிவுகளுக்காக நடந்த போராட்டம் வெறும் பரிசுப் போராட்டமன்று. இருப்பை ஏற்கச் செய்யும் போராட்டம்.

முதல் விழாவையே ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனம் புறக்கணித்தது. மெக்சிக்கோவின் வட்டார இசைக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்பது அதன் குறை. அமெரிக்காவில் வாழும் இலத்தீன் மக்களுள் பெரும்பான்மையோர் மெக்சிக்க வழியினர் என்பதை எண்ணினால், அக்குறையின் கனம் விளங்கும்.

2011-இல் கிராமி விருதுகளின் பிரிவுகள் 109-லிருந்து 78-ஆகக் குறைக்கப்பட்டன. 1995 முதல் தனிப் பிரிவாக விளங்கிய இலத்தீன் ஜாஸ் நீக்கப்பட்டவற்றுள் ஒன்று. நியூயார்க்கின் தாளக் கலைஞர் பாபி சனப்ரியா முதலானோர் இதை எதிர்த்து வெளிப்படையாகப் போராடினர். வழக்கும் தொடுக்கப்பட்டது. 2012-இல் அப்பிரிவு மீண்டும் சேர்க்கப்பட்டது. எடுத்துக்கொள்ளப்பட்ட ஓரிடத்தைக் கலைஞர்கள் ஓராண்டில் மீட்டனர்.

2019-இல், அதாவது கண்காட்சி அமைந்த அதே ஆண்டில், வேறொரு குரல் எழுந்தது. போர்ட்டோ ரிக்கோவின் எளிய குடியிருப்புகளில் வளர்ந்து உலகை வலம் வந்த ரெகெட்டோன் இசைக்குப் பொதுவான முதன்மைப் பிரிவுகளில் இடமில்லை என்று டாடி யாங்கி, ஜே பால்வின் முதலிய முன்னணிக் கலைஞர்கள் வெளிப்படையாகக் கண்டித்தனர். 2020-இல் ரெகெட்டோனுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. ஒரு தலைமுறையில் கதவுக்கு வெளியே நின்றவர் உள்ளே வந்தபின், அடுத்த தலைமுறை அதே கதவைத் தட்டுகிறது. விருதுகளின் வரலாறு முழுவதும் இத்தட்டுதலே கேட்கிறது.

இரண்டாம் புதுமுகம்

இனிக் கூறவேண்டியது ஆஞ்செலா ஆல்வரெஸ் என்னும் அம்மையாரைப் பற்றி. அவரும் கியூபாவினர். ஃபெரர் பிறந்த அதே 1927-இல், நான்கு மாதங்கள் கழித்து, ஜூனில் பிறந்தவர்.

சிறுமியாக இருந்தபோதே அத்தைமாரிடம் இசை பயின்றார். பாடல் இயற்றும் ஆற்றலும் வாய்த்தது. பாடகியாக வேண்டும் என்ற விருப்பத்தைத் தந்தையிடம் சொன்னார். குடும்பத்தாருக்குப் பாடலாம், உலகுக்குப் பாடவேண்டாம் என்பது தந்தையின் முடிவு. மகள் அவ்வாறே அடங்கினார். திருமணம் ஆயிற்று, நான்கு குழந்தைகள் பிறந்தனர். 1962-இல் குடும்பம் கியூபாவை விட்டு வெளியேற நேர்ந்தபோது குழந்தைகள் முதலில் தனியே அமெரிக்கா சேர்ந்தனர். சிறிது காலம் பிரிந்திருந்த பின்னரே தாய் அவர்களை அடைந்தார். புதிய நாட்டில் துப்புரவுப் பணி செய்தார். பிற்காலத்தில் கணவரையும் மகளையும் இழந்தார். இவ்வளவுக்கும் இடையில் கிதாரை எடுத்துத் தாம் எழுதிய பாடல்களை வீட்டாருக்குப் பாடிவந்தார். அவை எழுத்தில் இருந்தன, அரங்கில் இல்லை.

திரை இசையமைப்பாளரான பேரன் கார்லோஸ் ஹோசே ஆல்வரெஸ், பாட்டியின் பாடல்களைப் பதிவுசெய்து வைக்க விரும்பினார். முதலில் குடும்பத்தின் நினைவுக்காகவே அது தொடங்கியது. பாட்டியிடம் இருந்த பாடல்களின் அளவையும் தரத்தையும் கண்ட பிறகு, தேர்ந்த இசைஞர்களைக் கொண்டு முழுமையான இசைத்தொகுப்பாக அதனை உருவாக்கினார். அது 2021-இல் வெளியாயிற்று. 2022 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த இலத்தீன் கிராமி விழாவில் சிறந்த புதுமுகக் கலைஞர் விருது இருவர்க்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் மெக்சிக்கோவின் சில்வானா எஸ்ட்ராடா, வயது இருபத்தைந்து. மற்றவர் ஆஞ்செலா ஆல்வரெஸ், வயது தொண்ணூற்றைந்து.

அரங்கம் எழுந்து நின்றது. தங்கள் கனவு நிறைவேறப் பெறாதவர்களுக்குத் தம் விருதை உரியதாக்கினார் அம்மையார். எக்காலத்திலும் தாமதம் என்பதில்லை என்ற கருத்தையும் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், தொண்ணூற்றேழாம் வயதில் அவர் மறைந்தார்.

அம்மையார் தாமதம் இல்லை என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை. ஆனால் கேட்போர் அதனை அப்படியே ஏற்றுக்கொள்வது எளிமையாகிவிடும். தாமதம் நேர்ந்தது என்பதே உண்மை. இருபது வயதில் அக்குரல் எவ்வாறு ஒலித்தது என்பதை இனி எவரும் அறிய இயலாது. நாற்பது வயதில் அவர் மேடையேறியிருந்தால் எத்தனை பாடல்கள் கூடுதலாகப் பிறந்திருக்கும் என்பதும் தெரியாது. ஃபெரரின் இளமைக்காலப் பொலேரோக்களும் அவ்வாறே பாடப்படாமல் போனவை. விருது இவ்விருவருக்கும் மகிழ்ச்சி அளித்தது. இழந்த ஆண்டுகளைத் திருப்பி அளிக்கவில்லை. எந்த விருதும் அதைச் செய்ய வல்லதன்று.

எஞ்சும் கடமை

2000-இல் ஒரு புதுமுகம். 2022-இல் ஒரு புதுமுகம். இருவரும் ஒரே தீவில் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒருவரை வறுமையும் பிறரது தவறான மதிப்பீடும் மறைத்தன. மற்றவரைத் தந்தையின் சொல்லும் புலம்பெயர்வும் மறைத்தன. ஒருவரை ஓர் இசைஞர் தேடிக் கண்டார். மற்றவரைப் பேரன் அமர்ந்து கேட்டான். இருவரும் விருதை நாடிச் செல்லவில்லை. விருது வருமுன்னர், ஒரு மனிதர் வந்தார். தேடிச் செல்ல அந்த இசைஞரும், அமர்ந்து கேட்க அந்தப் பேரனும் இல்லாதிருந்தால், கழகங்கள் எத்தனை பிரிவுகளை உருவாக்கியிருந்தாலும் அவற்றில் இவ்விரு பெயர்களும் இடம்பெற்றிரா.

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் இசை விருதுகளைப் பற்றிப் பேசுவதன் பொருத்தம் இங்கேதான் உள்ளது. வட்டங்கள் விருது வழங்குகின்றன, மலர் வெளியிடுகின்றன, படங்களை வரிசையாக மாட்டி வைக்கின்றன. இவை செய்யத் தக்கவையே. ஆயினும் பத்தாண்டுப் பணியை அளந்து பார்க்க வேறோர் அளவுகோலும் உண்டு. இவ்வட்டத்தார் எத்தனை கதவுகளைத் தாமே சென்று தட்டினர்? எத்தனை நோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுக்கச் செய்தனர்? உன் குரல் இவ்வகைக்கு ஏற்றதன்று என்று எவரிடமாவது சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியதுண்டா? இக்கேள்விகளுக்கு விடை மலரின் பக்கங்களில் இராது. அவரவர் நினைவில் இருக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸின் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் பொன்னிறக் கிராமபோன் சின்னத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். அச்சின்னத்தில் கவனித்தற்குரிய உறுப்பு அதன் அகன்ற குழல். பழைய ஒலிப்பதிவு முறையில் பாடகர் அத்தகைய குழலின் முன் நின்றே பாடினார். அவர் குரலை வாங்கி மெழுகுத் தட்டில் பதித்தது அக்குழலே. ஒலியை வெளியிடுவதற்கு முன்பு அது ஒலியை வாங்கும் கருவியாக இருந்தது. விருது வழங்கும் அவைகளும் இலக்கிய வட்டங்களும் மறவாதிருக்கத் தக்க செய்தி இது.

அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் அவையில் ஒரு முதியவரோ மூதாட்டியோ முதன்முறையாகத் தம் கவிதையைப் படிக்க எழுவாராக. அவரைக் கண்டு நகையாமல், அவர் எங்கிருந்தார் என்று கேட்கும் பண்பு இவ்வவைக்கு வாய்ப்பதாக. அவர் தொண்ணூற்றைந்து வயது வரை காத்திருக்க நேராதிருப்பதாக.